இழுத்த கை

எதைக் கையில் பிடித்தாலும் அவள் ஒரு முறை மெதுவாக இழுத்துப் பார்ப்பாள். துணி காயப்போடும் கொடியாக இருக்கட்டும், கதவுச் சங்கிலியாக இருக்கட்டும், பஸ்ஸில் தொங்கும் கைப்பிடி வாராக இருக்கட்டும், ஒரே ஒரு இழுப்பு. இழுத்துவிட்டு ஒரு நொடி அப்படியே நிற்பாள், மறுமுனையில் இருப்பவர் ஏதோ சொல்லப்போவதைப் போல. அப்புறம்தான் ஈரத் துணியைப் போடுவாள், கதவைப் பூட்டுவாள், பஸ்ஸில் சாய்ந்து நிற்பாள். பல வருஷமாகப் பார்த்துப் பழகியதில் வீட்டில் யாருக்கும் அது வித்தியாசமாகத் தெரிவதில்லை. மகளுக்கு மட்டும் கிண்டல் அடங்காது.

“என்னம்மா, பஸ் பதில் சொல்லுச்சா? நல்லா இருக்காமா?”

“சும்மா இருடி. நாலு பேர் பார்க்கிறாங்க.”

நாலு பேர் பார்ப்பது அவளுக்கு ஆகவே ஆகாது. கூட்டம் என்றால் சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்வாள். கடையில் தன் முறை வந்த பிறகும் வாய் திறக்காமல் நின்று, பின்னால் வந்தவர்களெல்லாம் வாங்கிப் போனபின் வாங்கி வருவாள். அப்படிப்பட்டவள்தான் அந்தத் துறைமுகத்தில், அத்தனை ஆண்களுக்கு நடுவில், ஒருவனுடைய உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வருஷக்கணக்கில் படகில் உட்கார்ந்திருந்தாள்.

அவள் புருஷன் தண்ணீருக்குள் முங்கி வேலை செய்கிறவன். கப்பல் விசிறியில் சுற்றிக்கொண்ட கயிற்றை அறுப்பது, அறுந்து விழுந்த நங்கூரத்தைத் தேடிக் கொக்கி மாட்டுவது, தவறி விழுந்த சரக்கை எடுப்பது என்று எது வந்தாலும் செய்வான். ஆற்று வண்டல் வந்து சேரும் துறைமுகம் அது. தண்ணீர் எப்போதும் டீயைப் போலக் கலங்கிக் கிடக்கும். ஆள் உயரத்துக்குக் கீழே போனால் தன் கை தனக்கே தெரியாது. அங்கே கண் உள்ளவனும் குருடன்தான், விரல்தான் பார்க்க வேண்டும். நெடுநேரம் கீழே இருப்பான், மேலே வந்தால் வாய் திறக்க மாட்டான், கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டுதான் நடப்பான் என்பதால் துறைமுகத்தில் அவனுக்கு ஆமை என்று பெயர் விழுந்துவிட்டது.

கீழே போகிறவனை மேலோடு கட்டி வைத்திருப்பவை இரண்டு. ஒன்று காற்றுக் குழாய், படகில் ஓடும் கம்ப்ரசரிலிருந்து அவன் முகமூடிக்குப் போவது. இன்னொன்று இடுப்புக் கயிறு, மேலே ஓர் ஆளின் கையிலிருந்து போவது. குழாயில் மூச்சு போகும், கயிற்றில் பேச்சு போகும். மேலிருந்து ஒரு இழுப்பு என்றால் ‘எப்படி இருக்கே?’ கீழிருந்து அதே ஒரு இழுப்பு திரும்பி வந்தால் ‘நல்லா இருக்கேன்.’ இரண்டு என்றால் ‘கயிறு விடு.’ மூன்று என்றால் ‘தூக்கு.’ அதற்கு மேல் வந்தால் எண்ணிக்கொண்டிருக்கக் கூடாது.

கயிற்றை யார் பிடிப்பது என்பதற்கு அந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. மனைவியின் உடன்பிறந்தவன்தான் பிடிப்பான். “தம்பி பிடிச்சா பங்கு நினைப்பு வரும், சிநேகிதன் பிடிச்சா ஊர்க்கதை நினைப்பு வரும், மச்சான் பிடிச்சாத்தான் தங்கச்சி முகம் நினைப்பு வரும்” என்பார்கள். அதன்படி கல்யாணமான நாளிலிருந்து அவளுடைய அண்ணன்தான் ஆமைக்குக் கயிறு பிடித்தான். தங்கை பேசாத பேச்சையும் சேர்த்து அவனே பேசுவான். ஒரு நங்கூரச் சங்கிலியோடு மல்லுக்கட்டியதில் அவன் முதுகு போயிற்று. இனிமேல் குனியக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். துறைமுக வாசலில் ஒரு டீக்கடை போட்டுக்கொண்டான். “நின்ன இடத்துல நின்னு ஊத்தறது. குனியாம பிழைக்கிற தொழில் உலகத்துல இது ஒண்ணுதான்” என்று அதையும் பெருமையாகச் சொல்லிக்கொண்டான்.

வேற்று ஆள் கையில் கயிற்றைக் கொடுக்க ஆமைக்கு மனம் வரவில்லை. ஒரு வாரம் வேலைக்குப் போகாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தான். அப்புறம் ஒருநாள் காலையில் அவளைப் பார்த்து, “மச்சான் இல்லேன்னா மச்சானோட தங்கச்சி. ரத்தம் ஒண்ணுதானே, கிளம்பு” என்றான். மறுத்துப் பேசத் தெரியாததால் அவள் கிளம்பினாள்.

துறைமுகமே சிரித்தது. “பொண்டாட்டி கையில கயித்தைக் கொடுத்துட்டாண்டா ஆமை!” என்றான் ஒரு சுமை தூக்குகிறவன்.

டீக்கடையிலிருந்து அண்ணன் குரல் வந்தது. “உன் கயிறு மட்டும் யார் கையிலடா இருக்கு? அவன் இடுப்புல கட்டியிருக்கான், உனக்குக் கழுத்துல. அவ்வளவுதான் வித்தியாசம்.”

சிரிப்பு அந்தப் பக்கம் திரும்பியது. அவள் தலையைக் குனிந்துகொண்டே படகில் ஏறி உட்கார்ந்தாள்.

உட்கார்ந்த பிறகுதான் அவளுக்கே தெரிந்தது, அது தனக்கென்றே வைத்த வேலை என்று. பேச வேண்டாம். யார் முகத்தையும் பார்க்க வேண்டாம். விரலுக்கு நடுவில் கயிற்றை ஓடவிட்டு, தண்ணீர் கயிற்றைத் தொடும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் போதும். கொஞ்ச நாளிலேயே அவன் நடக்கிறானா நிற்கிறானா, மண்ணைத் தோண்டுகிறானா சும்மா தடவுகிறானா என்பதெல்லாம் விரலுக்குப் பிடிபட்டுவிட்டது. வீட்டில் இருவரும் மனஸ்தாபத்தில் முகம் கொடுக்காமல் இருக்கும் நாட்களிலும் கயிற்றில் பேசியாக வேண்டும். ‘எப்படி இருக்கே?’ ‘நல்லா இருக்கேன்.’ மாலையில் கரையேறும்போது பாதிக் கோபம் தண்ணீரோடு போயிருக்கும்.

படகில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இழுத்த கையைக் கேட்கக் கூடாது. கயிறு பிடித்தவர் எதற்காகவோ ஆளை மேலே இழுத்துவிட்டால், ஏன் இழுத்தாய் என்று படகில் யாரும் கேட்கக் கூடாது. இழுக்கப்பட்டவன் கேட்கவே கூடாது. ஒரு தரம் கேட்டுவிட்டால் அந்தக் கை அடுத்த தரம் இழுப்பதற்கு முன் யோசிக்கும்; யோசிக்கிற நேரத்தில் கீழே ஓர் உயிர் போய்விடும். ஆரம்பத்தில் ஒருமுறை, ஏதோ ஒரு பெரிய மீன் கயிற்றை இடித்துவிட்டுப் போனதில் பதறி, அவள் அவனை மளமளவென்று மேலே இழுத்துவிட்டாள். அவன் முகமூடியைக் கழற்றினான், தண்ணீர் குடித்தான், மறுபடியும் இறங்கிவிட்டான். ஒரு வார்த்தை இல்லை. வீட்டுக்கு வந்து சாப்பிடும்போதுதான், “திமிங்கலமோ?” என்றான். அவள் சிரித்துவிட்டாள்.

ஆனால் அந்தத் தொழில் சிரிப்பாக மட்டும் போகவில்லை. ஆற்றில் அடித்து வரப்பட்டவர்கள், கப்பலிலிருந்து விழுந்தவர்கள், வேண்டுமென்றே குதித்தவர்கள் என்று யாரைத் தேடவும் ஆமையைத்தான் கூப்பிட்டார்கள். அந்த நாட்களில் கயிற்றில் ஒரு தயக்கம் வந்ததும் அவளுக்குத் தெரிந்துவிடும், கை எதையோ தொட்டுவிட்டது என்று. அவன் தூக்கச் சொல்வதற்கு முன்பே கரையில் அழுதுகொண்டிருப்பவர்களைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அன்றைக்கு அவன் இருமுறை குளிப்பான். சாதத்தைக் கையால் தொட மாட்டான், ஸ்பூனால் சாப்பிடுவான்.

வருஷங்கள் போகப் போக ஆழம் அவன் காதைத் தின்றது. இடது காது முழுக்கப் போயிற்று. வலது காதும் இரைய ஆரம்பித்தது. மூக்கில் ரத்தம் வந்தால் அவளுக்குத் தெரியாமல் படகின் மறுபக்கம் குனிந்து கழுவிக்கொள்வான். தலையணை உறையில் காலையில் பார்க்கிறவளுக்குத் தெரியாதா? மகள் மருந்துக்கடையில் வேலைக்குச் சேர்ந்ததும் முதல் காரியமாக அப்பாவை ஒரு பெரிய டாக்டரிடம் இழுத்துப் போனாள்.

டாக்டர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். “இனிமே ஆழத்துக்குப் போனா இந்தக் காதும் போயிடும். காதோட நிக்கும்னும் நான் சொல்ல மாட்டேன். உள்ள ரத்தக்குழாய் பலமா இல்லை” என்றார்.

ஆமை தலையை ஆட்டினான். மழைக்காலத்துக்கு முன் கையிலிருக்கும் வேலைகளை முடித்துவிட்டு நிறுத்திவிடுவதாக மகளிடம் சொன்னான். கேட்டுக்கொண்டிருந்த மனைவிக்கு அன்று வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. மழையை அதுவரை யாரும் அவ்வளவு ஆசையாக எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

மழைக்கு முன்னால் றெக்கை சார் வந்து சேர்ந்தார்.

பழைய விமானங்களைத் தேடி எடுத்துச் செப்பனிடும் ஒரு சங்கத்தின் ஆள் அவர். நரைத்த தலை, வெயிலில் தோல் உரிந்த மூக்கு, மரியாதையான பேச்சு. டீக்கடையில் உட்கார்ந்து முதல் நாளே விமானத்தின் றெக்கையைப் பற்றி விசாரித்ததால் அந்தப் பெயர். அவர் சொன்ன கதை இதுதான். அந்தக் காலத்துப் பெரிய போரின்போது, புத்தம் புதிய போர் விமானங்களைப் பிரித்து, உடல் ஒரு பெட்டி, றெக்கை ஒரு பெட்டி என்று மரப்பெட்டிகளில் அடைத்துக் கப்பலில் அனுப்பியிருக்கிறார்கள். கப்பலை உள்ளே கொண்டுவர ஆழம் போதாமல் வெளியே நிறுத்தி, பெட்டிகளைச் சரக்குப் படகுகளில் இறக்கியிருக்கிறார்கள். திடீரென்று அடித்த காற்றில் ஒரு படகு ஆற்று முகத்தருகே கவிழ்ந்து, பெட்டிகள் எல்லாம் சரிந்து தண்ணீருக்குள் போய்விட்டன. போர்க் காலம் என்பதால் யாரும் வெளியே சொல்லவில்லை. அப்புறம் சொல்வதற்கு ஆளும் இல்லை.

“எண்பது வருஷம் உப்புத் தண்ணியில கிடந்தது இன்னுமா சார் இருக்கும்?” என்று கேட்டான் அண்ணன்.

“தண்ணியில கிடந்தா அரிச்சுப் போயிருக்கும். சேத்துக்குள்ள புதைஞ்சிருந்தா இருக்கலாம். இருக்கலாம்னுதான் சொல்றேன், இருக்குன்னு சொல்லலை” என்றார் அவர்.

ஆமை தன் வலது காதை அவர் பக்கம் திருப்பி வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தான். “அப்போ அது ஒரு தடவைகூடப் பறக்கலையா சார்?”

“பெட்டியைப் பிரிக்கவே இல்லையே. எப்படிப் பறக்கும்?”

“குண்டும் போடலை.”

“போடலை.”

ஆமை டீயைக் குடிக்காமல் கிளாஸைக் கீழே வைத்தான். கிளாஸ் கழுவிக்கொண்டிருந்த அண்ணனுக்கு உதவியாக நின்ற அவள் அதைப் பார்த்தாள். 

வீட்டில் அவன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டும்போது கேட்டாள். “டாக்டர் சொன்னது ஞாபகம் இருக்கா?”

“டாக்டர் காதைத்தானே சொன்னார்? கையைச் சொல்லலையே.”

“உயிரையும் சொன்னார்.”

அவன் கட்டிலில் உட்கார்ந்தான். அவ்வளவு நீளமாக அவன் பேசி அவள் கேட்டதில்லை. “இத்தனை வருஷமா நான் மேல கொண்டாந்தது பூரா என்ன? துருப்பிடிச்ச இரும்பு. செத்த மனுசங்க. யாரோ அழுவுறதுக்காகவே நான் முங்கியிருக்கேன். இது அப்படி இல்ல. புதுசு. ஒரு ஆளைக்கூடக் கொல்லாத சண்டை விமானம். அதை நான் எடுத்தா யாரும் அழ மாட்டாங்க. இது ஒண்ணு. இது ஒண்ணோட நிறுத்திடறேன்.”

அவள் ஆணியில் கோணலாகத் தொங்கிய சட்டையைச் சரிசெய்தாள். மகள்தான் சமையலறையிலிருந்து கத்தினாள். “குடிக்கிறவங்க எல்லாரும் இப்படித்தான்ப்பா சொல்வாங்க, இது ஒண்ணோட நிறுத்திடறேன்னு!”

தேடல் தொடங்கியது. மீன் வடிவத்தில் ஒரு கருவியைக் கம்பியில் கட்டிப் படகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டே போவார்கள்; அது கடலடியின் மேடு பள்ளங்களைத் திரையில் நிழல் நிழலாகக் காட்டும். இன்னொரு கருவி மண்ணுக்குள் இரும்பு இருந்தால் துடிக்கும். துடித்த இடத்தில் ஆமை இறங்குவான். முதல் இடத்தில் ஓர் இரும்புக் கட்டில் கிடைத்தது. அடுத்ததில் எண்ணெய் டிரம்கள். அதற்கடுத்து லாரியின் அச்சு.

“என்ன சார், கட்டிலுக்கு றெக்கை எந்தப் பக்கம் மாட்டறது?” என்று துறைமுகம் கேலி செய்தது. றெக்கை சார் கோபித்துக்கொள்ள மாட்டார். “கட்டில்ல படுத்தாத்தானேப்பா கனவுல பறக்க முடியும்” என்பார். அவள் அவரை வெறுக்கத் தயாராகத்தான் இருந்தாள். முடியவில்லை. ஆமையின் மூக்கில் ரத்தத்தைப் பார்த்துவிட்டு, “இவர் வேண்டாம், வெளியூர்லேருந்து சிலிண்டரோட முங்கற பசங்களை வரவழைக்கிறேன்” என்று அவரே சொன்னார். ஆமைதான் கேட்கவில்லை. அவர்கள் வருவதற்கு ஒரு வாரம் ஆகும். அதற்குள் தானே தொட்டுவிட வேண்டும் என்று நின்றான்.

அந்த நாளும் வந்தது. ஆற்று முகத்துக்கு வெளியே ஓர் இடத்தில் கருவி நீளமாகத் துடித்தது. கட்டில் அளவுக்கு இல்லை, ஒரு வீட்டின் நீளத்துக்கு. ஆனால் நீரோட்டம் பலமான இடம். படகு நகர்ந்தால் இடம் தவறிவிடும் என்று முன்னால் ஒரு நங்கூரம், பின்னால் ஒரு நங்கூரம் என்று இரண்டு போட்டு நிறுத்தினார்கள்.

துறைமுக வேலையில் அவர்கள் எப்போதும் ஒரு நங்கூரம்தான் போடுவார்கள். ஒன்றில் கட்டிய படகு காற்றுக்குத் தகுந்தபடி தானே திரும்பிக்கொள்ளும். காற்று எப்போதும் முன்பக்கத்திலிருந்துதான் வீசும். கம்ப்ரசரின் புகை பின்பக்கமாகப் போய்விடும். அதனால் காற்றை உறிஞ்சும் வாய் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்க்கிற பழக்கமே யாருக்கும் இல்லை. இரண்டு நங்கூரத்தில் கட்டிய படகு திரும்பாது. அன்றைக்கு அது ஒருவருக்கும் தோன்றவில்லை. றெக்கை சாருக்கும் தோன்றவில்லை, படகு ஓட்டுகிறவருக்கும் தோன்றவில்லை, அவளுக்கும் தோன்றவில்லை.

இடத்தைக் குறிக்க மிதவை கட்டிய ஒரு மெல்லிய கயிற்றையும் எடுத்துக்கொண்டு ஆமை இறங்கினான். இடுப்புக் கயிறு ஓடியது, நின்றது. அவள் ஒரு இழுப்பு கொடுத்தாள். பதில் வந்தது. அவன் நடந்தான், குனிந்தான், தடவினான். இன்னொரு இழுப்பு. பதில் வந்தது. எல்லாம் சரியாக இருந்தது. அவள் முடி பறந்து வந்து முகத்தில் விழுந்தது. காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டுக்கொண்டாள். காலையிலிருந்து பின்னால் பறந்துகொண்டிருந்த முடி இப்போது ஏன் முன்னால் விழுகிறது என்று அவள் யோசிக்கவில்லை.

மறுபடியும் இழுத்தாள். பதில் கொஞ்சம் தாமதமாக வந்தது. வந்ததுதான், ஆனால் வலுவில்லாமல் வந்தது. உடனே கேட்காமலே இன்னொன்று வந்தது. கொஞ்ச நேரம் கழித்து இன்னும் ஒன்று, சின்னக் குழந்தை முந்தானையை இழுத்து விளையாடுவது போல. இரண்டு என்று எண்ணவும் முடியாது, மூன்று என்று எண்ணவும் முடியாது. கயிற்றில் அவன் ஒரு நாளும் விளையாடியது கிடையாது.

அவள் இழுக்க ஆரம்பித்தாள்.

கீழே கயிறு பிடித்துக்கொண்டது. அவன் வர மறுக்கிறான். பலமாகப் பதில் இழுப்பு வந்தது: ஒன்று. ‘நல்லா இருக்கேன்.’ மறுபடி ஒன்று. ‘நல்லா இருக்கேன்.’ அவள் நிறுத்தவில்லை. படகு ஓட்டுகிறவரும் வந்து பிடிக்க, கை மாற்றி கை மாற்றி இழுத்தாள். உள்ளங்கைத் தோல் கயிற்றோடு போனது.

அவன் தலை தண்ணீருக்கு மேலே வந்தபோது முகம் செக்கச் செவேலென்று இருந்தது. படகுக்குள் இழுத்துப் போட்டு முகமூடியைக் கழற்றினார்கள். அவன் சிரித்தான். அப்புறம் அழுதான். “தொட்டுட்டேன். சின்னச் சின்ன ஆணி, தலை மட்டமா, வரிசையா… ஒரு தகடு, அதுல ஒரு வளைவு… அப்புறம் கண்ணாடி. சத்தியமா கண்ணாடி. மிதவைக் கயித்தைக் கட்டிக்கிட்டு இருந்தேன். முடிச்சு விழலை.” கையில் அந்த மெல்லிய கயிற்றின் வெறும் நுனி இருந்தது. அதைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

“ஏன் இழுத்தே?”

 கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருந்தது. படகு ஓட்டுகிறவர் மெதுவாக, “ஆமை, வேண்டாம்” என்றார்.

“நான் பதில் கொடுத்தேனா இல்லையா? சொல்லு.”

“கொடுத்தீங்க.”

“அப்புறம் ஏன் இழுத்தே?”

அத்தனை பேர் பார்க்கிறார்கள்.  “அது உங்க கை மாதிரி இல்ல” என்றாள். சொன்னது அவளுக்கே கேட்கவில்லை. கயிற்றைச் சுருட்டி, அவன் காலருகே வைத்துவிட்டு, படகின் முனைக்குப் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள்.

அன்று மாலைவரை அவன் வாந்தி எடுத்தான், தலை பிளக்கிறது என்று சுருண்டு கிடந்தான். றெக்கை சார் வீட்டுக்கே வந்துவிட்டார். காற்று திரும்பியிருக்கிறது, படகு திரும்பவில்லை, கம்ப்ரசர் புகை குழாய்க்குள் போயிருக்க வேண்டும், புகை ஏறினால் இல்லாததெல்லாம் தோன்றும், இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தால் ஆளே மிஞ்சியிருக்க மாட்டார் என்று மகளிடம் சொன்னார். தான் அதைக் கவனித்திருக்க வேண்டும் என்று சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. மகள் அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். அங்கே, இவ்வளவு நேரம் கழித்து ரத்தத்தில் ஒன்றும் உறுதியாகத் தெரியாது என்றார்கள்.

ஆமை எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. “புகையாவது மண்ணாவது. வேகமா இழுத்ததுல வந்த வலி இது. என் விரல் பொய் சொல்லாது.”

ஒரு வாரத்தில் சிலிண்டர் பையன்கள் வந்தார்கள். அந்த இடத்தைச் சுற்றிச் சுற்றித் தேடினார்கள், நீளக் கம்பியால் சேற்றைக் குத்திப் பார்த்தார்கள். கருவி துடித்துக்கொண்டேதான் இருந்தது. ஆனால் நீரோட்டத்தில் சேறு இடம் மாறியிருந்தது. ஒரு பலகைத் துண்டு கிடைத்தது. அது விமானப் பெட்டியின் பலகையா, ஏதோ ஓர் ஓடத்தின் பலகையா என்று சொல்ல முடியவில்லை.

“அவங்களுக்கு இடம் தெரியாது. நான் போனா ஒரே முங்கு” என்று ஆமை எழுந்து உட்கார்ந்தான். கயிறு பிடிக்க ஆள் தேடினான். ஒருவனுக்குக் கை சுளுக்கு. ஒருவன் வீட்டில் காய்ச்சல். ஒருவன் அவனைத் தூரத்தில் கண்டதுமே வேறு வழியாகப் போய்விட்டான். கடைசியில் டீக்கடைக்கு வந்தான். அவள் உள்ளே கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தாள்.

“மச்சான், ஒரு தடவை. பெல்ட்டு போட்டுக்கிட்டுப் பிடி, முதுகு தாங்கும்.”

அண்ணன் டீ ஆற்றுவதை நிறுத்தினான். “முதுகு நல்லா இருந்தாலும் பிடிக்க மாட்டேன் மாப்ள.”

“தங்கச்சிக்காகக் கோவமா?”

“கோவம் இருக்கு, இல்லேன்னு சொல்லலை. ஆனா அதுக்காக இல்ல. நீ கேட்டுட்டே. நாளைக்கு நான் இழுக்க வேண்டிய நேரத்துல, இவன் ஏன் இழுத்தேன்னு கேப்பானோன்னு என் கை ஒரு நிமிசம் நிக்கும். அந்த நிமிசத்துல நீ செத்துப் போவே. நான் எங்க போய் மூஞ்சியை வச்சுக்குவேன்?”

ஆமை கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு போய்விட்டான்.

அவளுக்கு அந்த நாட்களில் ஒரு கேள்வி பல்லில் சிக்கிய நார் போல இருந்தது. இழுத்தது தன் கையா, தன் மனசா? டாக்டர் சொன்ன நாளிலிருந்து, போதும் போதும் என்று அவள் மனம் அடித்துக்கொண்டுதான் இருந்தது. அந்த விளையாட்டு இழுப்பு இல்லாவிட்டாலும் அன்றைக்கு இழுத்திருப்பாளோ? “சார்தான் சொல்றாரேம்மா, நீ அப்பாவைக் காப்பாத்தியிருக்க” என்பாள் மகள். “சொல்றாரு. இருக்கலாம்” என்பாள் இவள். மேற்கொண்டு யோசித்தால் உள்ளங்கை எரியும்.

மழைக்கு இன்னும் சில நாட்களே இருந்தபோது ஆமை சமையலறை வாசலில் வந்து நின்றான். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

“வேற யாரும் பிடிக்க மாட்டேங்கிறாங்க” என்றான்.

“தெரியும்.”

“நாளைக்கு நீ வர்றியா?”

இதுதான் சமயம், வர மாட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் எல்லாம் முடிந்துபோகும் என்று அவளுக்குத் தெரிந்தது. வருகிறேன் என்று சொன்னால் அவன் நாளைக்கே தண்ணீரில். அவள் வெங்காயத்தைக் கீழே வைத்தாள். அவன் முகத்தை நேராகப் பார்த்தாள்.

“வர்றேன். ஆனா ஒண்ணு. மறுபடியும் எனக்கு அப்படித் தோணிச்சுன்னா மறுபடியும் இழுப்பேன். நீங்க பதில் கொடுத்தாலும் இழுப்பேன். விமானத்தையே கட்டிப் பிடிச்சுக்கிட்டு இருந்தாலும் இழுப்பேன்.”

அவன் வாசல் நிலையில் கையை ஊன்றிக்கொண்டு நின்றான்.  அவள் திரும்ப வெங்காயத்தை எடுக்கவில்லை.

“அப்போ வேண்டாம்” என்றான்.

கோபத்தில் சொன்னானா, சலித்துச் சொன்னானா, நம்பித்தான் சொன்னானா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. கயிறாக இருந்திருந்தால் தெரிந்திருக்கும். முகத்தைப் பார்த்துப் படிக்க அவள் பழகியதே இல்லை. அவன் போய் முன்னறையில் உட்கார்ந்தான். மறுநாள் மழை பிடித்துக்கொண்டது. அங்கே தேடுவதற்கு றெக்கை சார் வாங்கியிருந்த அனுமதியும் அத்தோடு முடிந்தது.

இப்போது ஆமை துறைமுகத்தின் பழுதுபார்க்கும் களத்தில் வேலை பார்க்கிறான். கரையேற்றிய கப்பல்களின் அடியில் ஒட்டிய சிப்பியைச் சுரண்டும் வேலை. காலையில் போய் மாலையில் வருகிறான். வலது காது பாதி கேட்கிறது. அவள் அண்ணனின் டீக்கடையில் இருக்கிறாள். றெக்கை சார் ஒருமுறை வந்து, மறுபடியும் அனுமதி கேட்டிருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார், அனுமதி இன்னும் வரவில்லை. விமானங்கள் கிடைக்கவில்லை. தான் தொட்டது நிஜம் என்றுதான் ஆமை சொல்கிறான். மருந்து, சாப்பாடு, மகளின் கல்யாணப் பேச்சு என்று இருவரும் எல்லாவற்றையும் பேசிக்கொள்கிறார்கள். அந்த நாளைப் பற்றி மட்டும் பேசுவதில்லை.